சென்னைக்கு நேரம் வகுத்த ஜான் கோல்டிங்ஹாம்

சென்னை ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தில், அகன்ற படிக்கட்டுகளும் உயர்ந்த தூண்களும் கொண்டு விளங்கும் ராஜாஜி மண்டபத்தை அறியாத தமிழர் இலர். எம்.ஜி.ஆர். (1987), ஜெயலலிதா (2016), கலைஞர் கருணாநிதி (2018) ஆகிய தலைவர்களின் உடல்கள் மக்களின் இறுதி அஞ்சலிக்காக அங்கேதான் வைக்கப்பட்டன. ஆனால், அம்மண்டபத்தைக் கட்டியவர் யார் என்று கேட்டால் விடை கூறுவோர் மிகச் சிலரே.

அவர் பெயர் ஜான் கோல்டிங்ஹாம். வியப்பு என்னவெனில், கட்டடக்கலை அவருடைய முதல் தொழில் அன்று. அவர் ஒரு வானியல் அறிஞர். கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் அமர்த்திய முதல் அதிகாரபூர்வ வானியலார் அவரே. கிரீன்விச் நேரத்தினின்றும் சென்னை எவ்வளவு முந்தியிருக்கிறது என்று அளந்து, சென்னை நேரம் என ஒன்றை வகுத்துத் தந்தவரும் அவரே. நம் மாணவ நண்பர்கள் பலர் படிப்பு முடிந்ததும் வேலை தேடிச் செல்லும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளின் கணிப்பொறிகளுக்குள்ளும் அவருடைய உழைப்பின் சுவடு இருக்கிறது. அது எவ்வாறு என்பதை அவர் வாழ்க்கை வழியே காண்போம்.

எழும்பூரிலிருந்து நுங்கம்பாக்கத்துக்கு

கோல்டிங்ஹாம் 1767-இல் பிறந்தவர். இருபது வயது நிரம்பும் முன்னரே சென்னைக்கு வந்துவிட்டார். அக்காலத்தில் வில்லியம் பெட்ரி என்னும் கம்பெனி அதிகாரி, எழும்பூரில் 1786-இல் தம் சொந்தச் செலவில் ஒரு வான் ஆய்வுக்கூடம் அமைத்திருந்தார். சில தொலைநோக்கிகளும், நுட்பமான ஊசல் கடிகாரங்களும் அங்கு இருந்தன. அந்தக் கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்ததே இளைஞர் கோல்டிங்ஹாமின் வானியல் வாழ்வுக்குத் தொடக்கமாயிற்று.

கம்பெனிக்கு வானியலில் என்ன அக்கறை என்று வினவலாம். விடை எளிது. அக்காலச் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. சோழமண்டலக் கடற்கரையோ கப்பல்களுக்கு ஆபத்து நிறைந்தது. கரை எங்கே இருக்கிறது, மணல்திட்டு எங்கே இருக்கிறது என்பது படத்தில் பிழையாக இருந்தால் கப்பலும் போகும், சரக்கும் போகும், உயிர்களும் போகும். ஆகவே கடற்கரையை அளக்க மைக்கேல் டாப்பிங் என்பவரைக் கம்பெனி அமர்த்தியது. அவருடைய தூண்டுதலால் பெட்ரியின் கருவிகளைக் கொண்டு 1792-இல் நுங்கம்பாக்கத்தில் ஓர் அரசு வான் ஆய்வுக்கூடம் எழுந்தது. அதன் நடுவே ஏறத்தாழ 10 டன் எடையுள்ள ஒரு கருங்கல் தூண் நிறுத்தப்பட்டது. கருவி அசையாமல் நிற்பதற்காகவே அத்தூண். கூடம் அமைந்த செய்தி அதில் இலத்தீனிலும் இந்நாட்டு மொழிகளிலும் பொறிக்கப்பட்டது. தமிழும் அவற்றுள் ஒன்று.

1796-இல் டாப்பிங் காய்ச்சலால் மாண்டார். அவரிடம் உதவியாளராக இருந்த கோல்டிங்ஹாமிடம் கூடத்தின் முழுப்பொறுப்பும் வந்து சேர்ந்தது. இடையில் சில ஆண்டுகள் விடுப்பில் இங்கிலாந்து சென்றிருந்த காலம் தவிர, 1830 வரை அப்பொறுப்பை அவரே தாங்கினார்.

வியாழன் காட்டிய மணி

அவர் முன் நின்ற முதற்பணி, சென்னையின் தீர்க்கரேகையைக் காண்பது. பூமி 24 மணியில் 360 பாகை சுழல்கிறது. எனவே ஒரு மணிக்கு 15 பாகை. ஒரு பாகைக்கு 4 நிமிடம். கிழக்கே இருப்பவனுக்குச் சூரியன் முன்னர் உச்சிக்கு வரும்; மேற்கே இருப்பவனுக்குப் பின்னர் வரும். ஆகவே கிரீன்விச்சில் இப்போது மணி என்ன, சென்னையில் இப்போது மணி என்ன என்று ஒரே கணத்தில் தெரிந்தால் தீர்க்கரேகை தெரிந்துவிடும். தந்தியும் வானொலியும் இல்லாத காலத்தில் அந்த ஒரே கணத்தை எப்படிப் பிடிப்பது?

அதற்கு வியாழன் உதவியது. வியாழனைச் சுற்றும் துணைக்கோள்கள் அதன் நிழலுக்குள் புகுந்து மறைகின்றன, மீண்டும் வெளிப்படுகின்றன. இந்தக் கிரகணத்தைக் கிரீன்விச்சில் காண்பவரும் சென்னையில் காண்பவரும் ஒரே கணத்தில் காண்கிறார்கள். அவரவர் கடிகாரம் காட்டும் மணியை எழுதிவைத்துப் பின்னர் ஒப்பிட்டால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடே தீர்க்கரேகை. வானில் தொங்கும் ஒரு பொதுக் கடிகாரம் போல வியாழன் விளங்கியது எனலாம்.

சொல்லும்போது எளிது, செய்வதோ அரிது. மழைக்கால மேகம் மறைக்கும். ஒருவர் கண்ணுக்கு மறைந்த துணைக்கோள் மற்றவர் கண்ணுக்குச் சில விநாடிகள் கழித்தே மறையும். ஆகவே ஒன்றிரண்டு இரவுகள் போதா. பல ஆண்டுகள், எண்ணற்ற கிரகணங்களைக் கண்டு, கணக்கிட்டுச் சராசரி காண வேண்டும். கோல்டிங்ஹாம் அதனைச் சலியாது செய்தார். 1802-இல் சென்னை நேரம் கிரீன்விச் நேரத்துக்கு 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முந்தியது என்று அவர் நிலைநாட்டினார்.

அதே 1802-இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு ஒன்றை அளந்து, பின்னாளில் இமயம் வரை சென்ற மாபெரும் நில அளவைக்கு வித்திட்டார். அந்த அளவையின் தீர்க்கரேகைக் கணக்குக்கு நுங்கம்பாக்கம் ஆய்வுக்கூடமே ஆதாரமாயிற்று. இன்றைய அளவுகளோடு ஒப்பிட்டால் கோல்டிங்ஹாமின் விடை சுமார் 15 விநாடி மிகுதி. நிலத்தில் அது ஆறு கிலோமீட்டருக்கும் மேல் ஆகும். அதனால் பிற்காலத்தில் இந்திய வரைபடங்களின் தீர்க்கரேகைகளைத் திருத்த நேர்ந்தது. ஆயினும் அத்திருத்தம் எளிதாகவே முடிந்தது. ஏன்? எந்த இடத்தை ஆதாரமாகக் கொண்டு அளந்தோம் என்பது ஒவ்வொரு கணக்கிலும் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. ஆதாரத்தின் பிழையைத் திருத்தினால், அதைச் சார்ந்தவை எல்லாம் ஒருசேரத் திருந்தின. அளவில் பிழை வரலாம். ஆதாரத்தைக் குறிக்காமல் விடுவதுதான் மீளாப் பிழை. நண்பர்கள் இதனை நினைவிற் கொள்க. கட்டுரையின் பின்பகுதிக்கு இது தேவைப்படும்.

ஒருவரே பலராய்

கோல்டிங்ஹாம் இரவில் வானைப் பார்த்தார்; பகலில் வேறு பல பணிகளைச் செய்தார். ஆளுநர் எட்வர்டு கிளைவ் காலத்தில் அரசினர் மாளிகையைப் புதுப்பித்தார். அதை ஒட்டி விருந்து மண்டபம் ஒன்றை எழுப்பினார். 1802-இல் முடிந்த அதுவே இன்றைய ராஜாஜி மண்டபம். திப்பு சுல்தானை வென்ற களிப்பில் ஆங்கிலேயர் எழுப்பிய அம்மண்டபம், நாடு விடுதலை பெற்றபின் நம் தலைவர் ஒருவர் பெயரைத் தாங்கி மக்கள் சொத்தாக விளங்குவது வரலாற்றின் விந்தை.

1794-இல் ஆய்வுக்கூடத்தை ஒட்டித் தொடங்கப்பெற்ற நில அளவைப் பள்ளியை அவரே நடத்தினார். எட்டு மாணவர்களோடு தொடங்கிய அப்பள்ளிதான் வளர்ந்து கிண்டிப் பொறியியற் கல்லூரியாக நிற்கிறது. 1796 முதல் வெப்பம், காற்றழுத்தம் முதலியவற்றை நாள்தோறும் குறித்துவைக்கும் பழக்கத்தையும் அவர் ஏற்படுத்தினார். நம் நாட்டின் பழமையான வானிலைப் பதிவுகளுள் அவை இடம்பெறுகின்றன. மாமல்லபுரத்துச் சிற்பங்களைக் குறித்து ஒரு கட்டுரை எழுதி ஆசியச் சங்கத்தின் தொகுப்பில் வெளியிட்டார். 1808-இல் இலண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றுச் சிறப்பித்தது.

அவர் விடுப்பில் இருந்தபோது ஆய்வுக்கூடத்தைக் கவனித்தவர் ஜான் வாரன். நம்மவர் நாழிகை, திதி, ஆண்டு ஆகியவற்றைக் கணக்கிடும் முறைகளை ஆராய்ந்து, காலசங்கலிதம் என்ற பெரிய நூலை 1825-இல் வெளியிட்டவர் அவர்தான். காலத்தை அளப்பது ஒரு நாட்டினரின் தனிச்சொத்து அன்று என்பதற்கு அந்நூல் சான்று.

பீரங்கியும் பரங்கிமலையும்

1820, 1821 ஆகிய ஆண்டுகளில் கோல்டிங்ஹாம் செய்த ஒரு சோதனை சுவையானது. செயிண்ட் ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் நாள்தோறும் பீரங்கி சுடுவது வழக்கம். ஆய்வுக்கூடத்திலிருந்து கோட்டை 4 கிலோமீட்டருக்குச் சற்று மேல். பரங்கிமலை ஏறத்தாழ 9 கிலோமீட்டர். வெடியின் ஒளி தெரிந்த கணத்துக்கும் ஓசை காதில் விழுந்த கணத்துக்கும் இடைப்பட்ட நேரத்தைக் கடிகாரம் கொண்டு அளந்து, ஒலியின் வேகத்தை அவர் கணக்கிட்டார். காற்றின் வெப்பம், ஈரம், வீசும் திசை ஆகியவற்றையும் உடன் குறித்தார். மாதத்துக்கு மாதம் ஒலியின் வேகம் மாறுவதைக் கண்டு 1823-இல் வெளியிட்டார்.

இச்சோதனையில் நேரத்தைப் பற்றிய ஒரு பெரிய உண்மை அடங்கியுள்ளது. பிற்காலத்தில் ஆய்வுக்கூடக் கடிகாரத்தை ஒட்டிக் கோட்டையில் இரவு 8 மணிக்குப் பீரங்கி சுட்டு ஊருக்கு நேரம் அறிவித்தனர். அந்த வெடியோசை காற்றில் பரங்கிமலையை அடைய அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அங்கே ஓசை கேட்டுக் கடிகாரத்தைத் திருத்துபவரின் மணி அந்த அளவுக்குப் பிந்தியே இருக்கும். ஒரு நிகழ்ச்சி நடந்த நேரம் ஒன்று. அச்செய்தி நம்மை வந்தடைந்த நேரம் வேறு.

1822-இல் கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மூன்று தலைநகர்களின் இருப்பிடத்தைப் பற்றிய அவருடைய ஆய்வு ராயல் சொசைட்டியின் இதழில் வெளியாயிற்று. 1830-இல் அவர் பணியிலிருந்து விலகினார். 1849-இல் இங்கிலாந்தில் காலமானார்.

அவருக்குப் பின் சென்னை நேரம்

அவர் மறைந்தபின் இந்தியாவில் பயணிகள் இரயில் வந்தது. பம்பாயின் நேரம் கிரீன்விச்சுக்கு 4 மணி 51 நிமிடம் முந்தியது. கல்கத்தாவின் நேரம் 5 மணி 53 நிமிடம் முந்தியது. இரண்டுக்கும் இடையே ஒரு மணிக்கும் மேற்பட்ட வேறுபாடு. ஒவ்வோர் ஊரும் தன் சூரியனைப் பார்த்து மணி வைத்துக்கொண்டால் இரயில் கால அட்டவணை எப்படிப் போடுவது? சென்னையின் நேரம் ஏறத்தாழ இரண்டுக்கும் நடுவே அமைந்திருந்தது. நுங்கம்பாக்கத்தில் நம்பத்தகுந்த கடிகாரமும் இருந்தது. ஆகவே 1870-ஆம் ஆண்டை ஒட்டி நாட்டின் இரயில்கள் சென்னை நேரத்தைப் பின்பற்றத் தொடங்கின. தந்தி வழியே அந்நேரம் நாடெங்கும் சென்றது.

1906 ஜனவரி 1-ஆம் நாள் இந்திய நியம நேரம் வந்தது. 82½ பாகைத் தீர்க்கரேகையை ஆதாரமாகக் கொண்டு, கிரீன்விச்சுக்கு 5 மணி 30 நிமிடம் முந்தியதாக அது வகுக்கப்பட்டது. சென்னைக்கு அதனால் ஒன்பது நிமிட மாற்றமே ஏற்பட்டது. கல்கத்தா 1948 வரையும் பம்பாய் 1955 வரையும் தத்தம் பழைய நேரத்தை விடவில்லை. நேரம் என்பது வெறும் எண் அன்று, ஊர்ப்பெருமையும் அதில் கலந்திருக்கிறது என்பது இதனால் விளங்கும்.

இரண்டாம் உலகப் போரின்போது இன்னொரு மாற்றம் நேர்ந்தது. 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் 15 வரை கடிகாரங்கள் ஒரு மணி முன்னே தள்ளிவைக்கப்பட்டன. 1943-இல் காலை 6 மணிக்குப் பிறந்ததாகக் குறிக்கப்பட்ட குழந்தை, இன்றைய கணக்கில் காலை 5 மணிக்குப் பிறந்த குழந்தை. இதனை அறிந்த சோதிடர் அக்காலத்து ஜாதகம் கணிக்கும்போது ஒரு மணியைக் கழித்துக்கொள்வர். கழிக்காவிட்டால் இலக்கினமே மாறிவிடக் கூடும். ஓர் எண் தன் விதியை விட்டுப் பிரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஒரகடத்துக் கணிப்பொறியில்

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். இராமானுசர் பிறந்த ஸ்ரீபெரும்புதூரும், அதை அடுத்த இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் முதலிய ஊர்களும் தொழிற்சாலைகளால் நிறைந்துள்ளன. தென்கொரியா, ஜெர்மனி, பிரான்ஸ் முதலிய நாடுகளின் நிறுவனங்கள் இங்கே கார்களும் லாரிகளும் செய்கின்றன. சூரியக் கணக்கில் பார்த்தால் சென்னையில் உச்சிவேளை வந்து ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் கழிந்தபிறகே ஸ்ரீபெரும்புதூரில் உச்சிவேளை. அந்த ஒரு நிமிடத்தை நியம நேரம் நமக்கு மறக்கடித்துவிட்டது. ஆனால் கடல் கடந்த மணி வேறுபாட்டை எந்தச் சட்டமும் மறக்கடிக்க முடியாது.

தொழிற்சாலைக் கணிப்பொறியில், மனிதர் கை படாமல் குறித்த நேரத்தில் தானே ஓடும் பணிகள் பல உண்டு. ஷிப்டு முடிந்ததும் உற்பத்திக் கணக்கைத் திரட்டுவது, குறைந்துபோன உதிரிபாகங்களுக்கு ஆர்டர் அனுப்புவது முதலியன இவை. தரவுத்தளம் ஜெர்மனியில் இருக்கிறது என்று கொள்வோம். இங்கே இரவு ஷிப்டு காலை 6 மணிக்கு முடிகிறது. குளிர்காலத்தில் ஜெர்மனி நமக்கு நாலரை மணி பிந்தியது. ஆகவே அந்நாட்டு நேரம் 1.30-க்குக் கணக்குத் திரட்டும் பணி ஓடுமாறு ஒருவர் அமைக்கிறார். எல்லாம் சரியாக நடக்கிறது.

மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று ஐரோப்பாவில் பகலொளியைப் பயன்கொள்ளக் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுகிறார்கள். அன்று முதல் வேறுபாடு மூன்றரை மணியே. அதே 1.30 இப்போது நமக்குக் காலை 5 மணி. பணி ஒரு மணி முன்னதாகவே ஓடிவிடுகிறது. இரவெல்லாம் கண்விழித்து உழைத்த தொழிலாளியின் கடைசி ஒரு மணி உற்பத்தி அந்த ஷிப்டின் கணக்கில் ஏறாது. ஊக்கத்தொகை அக்கணக்கைச் சார்ந்தது என்றால் இழப்பு யாருக்கு? கணிப்பொறி பிழை எதுவும் காட்டாது. ஏனெனில் அது சொன்னபடியே செய்தது.

இன்னும் ஒன்று. அந்த மார்ச் ஞாயிறன்று ஜெர்மனியில் கடிகாரம் 2 மணியிலிருந்து நேரே 3-க்குத் தாவுகிறது. 2.30 என்ற மணியே அன்று கிடையாது. அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறன்று 3 மணி மீண்டும் 2 ஆகிறது, 2.30 இருமுறை வருகிறது. 2.30-க்கு ஆர்டர் அனுப்பும் பணி ஒன்று இருந்தால், அமைப்பைப் பொறுத்து, மார்ச்சில் அது ஓடாமலே போகலாம். அக்டோபரில் இருமுறை ஓடி இரு மடங்கு சரக்கை வரவழைக்கலாம். அமெரிக்காவிலோ இம்மாற்றம் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் நிகழ்கிறது. ஆகவே மூன்று நாடுகளோடு தொடர்புள்ள தொழிற்சாலைக்கு ஆண்டில் நான்கு ஞாயிறுகள் கண்டம் எனலாம்.

இதற்கு வழி என்ன? கோல்டிங்ஹாமின் நெறியே வழி.

முதலாவது, நடந்து முடிந்த நிகழ்ச்சியை உலகப் பொது நேரத்தில் குறித்து, நடந்த இடத்தையும் உடன் குறிக்க வேண்டும். இயந்திரம் பொருளைச் செய்த நேரம் வேறு, செய்தி தரவுத்தளத்தை அடைந்த நேரம் வேறு என்பதால், இரண்டையும் தனித்தனியே வைக்க வேண்டும். பரங்கிமலைப் பீரங்கி கற்பித்த பாடம் இது.

இரண்டாவது, இனி நடக்கவேண்டிய பணியை, அது யாருடைய வாழ்வைச் சார்ந்ததோ அவர்களுடைய ஊர் நேரத்தில் குறிக்க வேண்டும். ஒரகடத்து ஷிப்டுக்கு இந்திய நேரமே ஆதாரம். கணிப்பொறி எந்த நாட்டில் இருந்தால் என்ன?

மூன்றாவது, ஊர் நேரத்தைக் குறிக்கும்போது நாலரை, மூன்றரை என்று வேறுபாட்டு எண்ணை எழுதாமல் இடத்தின் பெயரை எழுத வேண்டும். எண்ணை அரசுகள் மாற்றிவிடும். இலங்கையைப் பாருங்கள். 1996 மே மாதம் ஐந்தரையிலிருந்து ஆறரை ஆயிற்று. அவ்வாண்டு அக்டோபரில் ஆறு ஆயிற்று. 2006 ஏப்ரலில் மீண்டும் ஐந்தரைக்கு வந்தது. இடத்தின் பெயர் மட்டும் மாறவில்லை.

நான்காவது, ஒரே பணி தவறி இருமுறை ஓடினாலும் கேடு நேராதபடி, தேதியும் ஷிப்டும் சேர்ந்த அடையாளம் ஒன்றை இட்டு, முன்பே முடிந்ததா என்று பார்த்தபின் செய்யுமாறு அமைக்க வேண்டும்.

எந்த இடத்தில் எந்நாளில் என்ன நேர விதி இருந்தது என்று கணிப்பொறிக்கு எப்படித் தெரியும்? அதற்கென உலகெங்கும் பயன்படும் ஒரு தரவுத்தொகுப்பு இருக்கிறது. பெரும்பாலான சர்வர்களிலும் கைப்பேசிகளிலும் அது அடங்கியுள்ளது. அதில் இந்தியாவுக்குரிய பகுதி கொல்கத்தாவின் பெயரால் வழங்குகிறது. ஆனால் அப்பகுதியைப் பிரித்துப் பார்த்தால், 1870 முதல் 1905 முடிய உள்ள ஆண்டுகளுக்கு எழுதப்பட்டிருப்பது சென்னை நேரம்! 5 மணி 21 நிமிடம் 10 விநாடி என்பது அதன் மதிப்பு. கோல்டிங்ஹாம் கணித்ததைவிட நான்கு விநாடியே குறைவு. அவரையும் நுங்கம்பாக்கத்தையும் கேள்விப்படாத கணிப்பொறியாளர் ஒருவர், 1890-ஆம் ஆண்டுத் தேதி ஒன்றைச் சென்னைக்காகக் கணக்கிடச் சொன்னால், அக்கணிப்பொறி இந்த எண்ணைக் கொண்டே விடை சொல்லும்.

முடிவுரை

கோல்டிங்ஹாம் அந்நிய ஆட்சியின் ஊழியர். அவர் அளந்ததும் அவ்வாட்சியின் கப்பல்களுக்காகவும் படைகளுக்காகவும்தான். ஆனால் உண்மையாக அளக்கப்பட்ட அளவு அளந்தவனோடும் ஆண்டவனோடும் அழிந்துவிடுவதில்லை. 1899-இல் வான் ஆய்வுப் பணி கொடைக்கானலுக்கு மாற்றப்பட்டது. நுங்கம்பாக்கத்து வானிலை நிலைய வளாகத்தில் அந்தக் கருங்கல் தூண் இன்றும் நிற்கிறது. சென்னைக்குச் செல்லும் மாணவ நண்பர்கள் வாய்ப்புக் கிடைக்கும்போது அதனைக் கண்டு வருதல் நன்று.

இடத்தைக் குறிக்காத நேரம், ஊர்ப்பெயர் எழுதாத முகவரி போன்றது. நாளை நம்முள் சிலர் தொழிற்சாலைக் கணிப்பொறி அறையில் அமர்ந்து ஒரு பணிக்கு நேரம் குறிக்கப்போகிறோம். அப்போது, இது எந்த ஊர் மணி என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்துக் குறிப்போமாக. இரவு ஷிப்டில் உழைப்பவனின் கடைசி ஒரு மணி அந்த ஒரு கணச் சிந்தனையில் அடங்கியிருக்கிறது.